முப்பத்தாறு மைல் வாய்க்கால்: லிவர்பூல்–மான்செஸ்டர் பகை, ஒரு நிகழ்வு ஆய்வு

லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்கு ரயிலில் 31 மைல். அக்கம்பக்கத்து ஊர்கள் என்றே சொல்லலாம். ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே சூடேறிவிடும். லிவர்பூல்காரர் 1207-ல் ஜான் மன்னர் கொடுத்த சாசனத்தை எடுப்பார். மான்செஸ்டர்காரர் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய ரோமானியக் கோட்டையைக் காட்டுவார். மாநகரப் பட்டம் எங்களுக்கு 1853-லேயே வந்துவிட்டது, உங்களுக்கு 1880-ல்தானே என்பார். சரித்திரம் ஓய்ந்தால் குணம் வரும். 'மான்செஸ்டர் ஆள், லிவர்பூல் கனவான்' என்று அங்கே ஒரு பழைய சொலவடை உண்டு. முன்னவன் ஆலையில் கை கறுக்க உழைப்பவன், பின்னவன் துறைமுகத்தில் கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் வணிகன். குணமும் தீர்ந்தால், குடியிருக்க எந்த ஊர் நல்லது என்ற வழக்கு.

இந்த மூன்று வழக்கையும் தனித்தனியாகக் கேட்டால் முடிவே வராது. பகை எங்கே கொதித்தது என்று தெரிய, ஒரு பஞ்சுப் பொதியின் செலவுக் கணக்கைப் புரட்ட வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் 1894-ல் திறந்த மான்செஸ்டர் கப்பல் கால்வாய். கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அசல் மான்செஸ்டருக்குக் கடல் இல்லாதது எவ்வளவு பெரிய குறையாக இருந்தது என்பதைப் பாடம் சொல்வதில்லை.

ஒரு பொதியின் செலவு

அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு பருத்திப் பொதி சுமார் 500 பவுண்டு எடை. லிவர்பூல் துறையில் கப்பல் கட்டியதும் துறைமுகத் தீர்வை. இறக்கி எடை போட்டு அடுக்கச் சுமைகூலி. கிட்டங்கிக்குக் கொண்டுபோக வண்டிக்கூலி, அங்கே கிடக்கும் நாளுக்கு வாடகை. மாதிரி எடுத்துத் தரம் பார்த்து விற்கும் தரகருக்குத் தரகு. அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு மறுபடி வண்டிக்கூலி, ரயில் கட்டணம், ஏற்ற இறக்க நிலையக் கட்டணம். மான்செஸ்டரில் இறக்கி ஆலைக்குக் கொண்டுசெல்ல இன்னொரு வண்டி. நூலாகித் துணியானதும் அதே வழியில் திரும்பிப் போய் அதே லிவர்பூலில் கப்பலேற வேண்டும். ஆக, ஒரே சரக்கு இரண்டு முறை அந்த வாசலில் பணம் கட்டியது.

இதில் மான்செஸ்டரை அதிகம் எரிச்சல்படுத்தியது 'நகரத் தீர்வை'. லிவர்பூல் வழியாகப் போகும் சரக்குக்கு லிவர்பூல் மாநகராட்சி வசூலித்த வரி அது. துறைமுகத்தைப் பராமரிக்கத் துறைமுகத் தீர்வை தனியாக இருந்தது. நகரத் தீர்வையோ ஊரின் பொதுச் செலவுக்குப் போனது. லிவர்பூலின் உரிமைக் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது வேறு. மான்செஸ்டர் வணிகர் சங்கமும் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியும் நாடாளுமன்றத்தில் விடாமல் முறையிட்டன. 1857-ல் சட்டம் வந்தது. துறைகள் மாநகராட்சியின் கையிலிருந்து 'மெர்சி துறைமுக வாரியம்' என்ற தனி அமைப்புக்கு மாறின. நகரத் தீர்வை உரிமையை விட்டுக்கொடுக்க மாநகராட்சிக்கு 15 லட்சம் பவுண்டு இழப்பீடு.

சட்டம் வந்தும் கணக்குப் பெரிதாக மாறவில்லை. புதிய வாரியத்தின் தலையில் துறை கட்டிய கடனும் இழப்பீட்டுச் சுமையும் இருந்தன. தீர்வையைக் குறைத்தால் கடன் அடையாது. ரயிலும் கைவிட்டது. 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கியபோது, கால்வாய்ப் படகுகளோடு போட்டி வந்து கட்டணம் இறங்கியது. பிறகு கம்பெனிகள் பெருகின. பெருகியவை தங்களுக்குள் பேசி ஒரே கட்டணம் வைத்துக்கொண்டன. 1872-ல், மான்செஸ்டரை மெர்சி ஆற்றோடு இணைத்த பழைய படகு வழியான பிரிட்ஜ்வாட்டர் கால்வாயே இரண்டு ரயில் கம்பெனித் தலைவர்களின் கைக்குப் போனது. வழி மூன்று நான்கு இருந்தும் விலை ஒன்றுதான். 1870-களின் வியாபார மந்தத்தில், 31 மைல் தள்ளி இருக்கும் லிவர்பூலைவிட நாட்டின் மறுகரையில் இருக்கும் ஹல் துறைமுகம் வழியாகச் சரக்கு எடுப்பது பல நேரம் மலிவாக இருந்தது.

குணம் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் கூர்மை பெற்றது என்பது என் கணிப்பு. தன் உழைப்பின் மீது இன்னொருவன் உட்கார்ந்து தின்கிறான் என்று நம்பும் ஊர், அவனைக் 'கனவான்' என்று அழைக்கும்போது அதில் மரியாதை இல்லை.

முகத்துவாரம் தூர்ந்துவிடும் என்ற வாதம்

1882 ஜூன் 27. மான்செஸ்டரை ஒட்டிய டிட்ஸ்பரியில், கொதிகலன் செய்யும் டேனியல் ஆடம்சன் தன் வீட்டில் ஆலை முதலாளிகளையும் சுற்றூர்ப் பிரதிநிதிகளையும் கூட்டினார். இரண்டு பொறியாளர்கள் வந்திருந்தனர். ஹாமில்டன் ஃபுல்டன் சொன்னது, கடல் ஓதமே மான்செஸ்டர் வரை ஏறி இறங்கும்படி ஒரே மட்டத்தில் வெட்டுவது. எட்வர்ட் லீடர் வில்லியம்ஸ் சொன்னது, இருபுறமும் கதவு வைத்த 'லாக்' தொட்டிகளால் கப்பலைப் படிப்படியாகத் தூக்குவது. மான்செஸ்டர் கடல்மட்டத்துக்குச் சுமார் 60 அடி மேலே இருக்கிறது. ஃபுல்டன் வழியில் போயிருந்தால் மான்செஸ்டரின் துறைமுகம் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கிடந்திருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் அவ்வளவு உயரம் ஏற்றவேண்டி வந்திருக்கும். லீடர் வில்லியம்ஸ் திட்டம் தேர்வானதற்கு இதுவே போதும்.

மசோதா நாடாளுமன்றத்துக்குப் போனதும் லிவர்பூல் முழுப் பலத்தோடு எதிர்த்தது. அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. மெர்சி ஆறு லிவர்பூல் அருகே குறுகலாகவும் அதற்கு மேலே ஏரிபோல் அகலமாகவும் இருக்கும். ஓதம் ஏறும்போது அந்த அகலப் பகுதி நிறைகிறது. வற்றும்போது அத்தனை நீரும் குறுகிய கழுத்து வழியே பாய்ந்து, கடல்வாயில் சேரும் மணலை அரித்துக்கொண்டு போகிறது. லிவர்பூலின் துறைமுகம் உயிரோடு இருப்பது இந்த அரிப்பால். முதல் திட்டம் அந்த அகலக் கழிமுகத்தின் நடுவே இரண்டு சுவர் எழுப்பி அவற்றுக்கிடையே ஆழமான வழி அமைக்கச் சொன்னது. சுவர் எழுந்தால் ஓட்டம் ஒரே கோட்டில் நிலைத்துவிடும், வெளிப்பக்கம் மணல் படியும், நீர் கொள்ளும் அளவு குறையும், வெளியேறும் வேகம் குறையும், கடைசியில் கடல்வாய் மேடிடும். முகத்துவாரம் தூர்ந்து படகு கரையில் மாட்டுவதைப் பார்த்த எவருக்கும் இந்த வாதம் புரியும். மிசிசிப்பி முகத்துவாரத்தைச் சரிசெய்து பேர்பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஈட்ஸையும் லிவர்பூல் தரப்பு சாட்சிக்கு அழைத்துவந்தது.

1883-ல் காமன்ஸ் சபைக் குழு ஒப்புக்கொண்டது, பிரபுக்கள் சபை தள்ளியது. 1884-ல் பிரபுக்கள் சபை ஒப்புக்கொண்டது, காமன்ஸ் தள்ளியது. இந்த இழுபறிக்கு நடுவே, சாட்சிக் கூண்டில் நின்ற துறைமுக வாரியப் பொறியாளர் ஜார்ஜ் லைஸ்டரிடம், நீங்களாக இருந்தால் எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார்கள். மெர்சியின் தென்கரையில் உள்ள ஈஸ்ட்ஹமில் நுழைந்து, கழிமுகத்துக்குள் கால் வைக்காமல் கரையோரமாகவே ரன்கார்ன் வரை போய், அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்புவேன் என்று அவர் சொன்னார். மான்செஸ்டர் தரப்பு அந்தப் பதிலை அப்படியே வாங்கிக்கொண்டது. 1885-ல் கொண்டுபோன மூன்றாவது மசோதாவில் பாதை செஷயர் கரையோரம் போனது. எதிர்ப்பின் ஆணிவேர் அறுந்தது. ஆகஸ்ட் 6 அன்று அரச ஒப்புதல்.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. மூன்று ஆண்டு சண்டை வீணாகவில்லை. முதல் மசோதா அப்படியே நிறைவேறியிருந்தால் லிவர்பூலும் கெட்டிருக்கலாம், மணலில் மாட்டிய மான்செஸ்டர் வழியும் கெட்டிருக்கலாம். எதிராளிக்குத் தெரிந்த ஆற்றறிவுதான் திட்டத்தைத் திருத்திக் கொடுத்தது.

வெட்டிய விதமும் கவிழ்ந்த கணக்கும்

சட்டம் இரண்டு நிபந்தனை வைத்தது. பங்கு மூலதனத்தைக் காலக்கெடுவுக்குள் திரட்ட வேண்டும், பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை வைத்திருந்த கம்பெனியை விலைக்கு வாங்க வேண்டும். பின்னதற்கு மட்டும் 17.1 லட்சம் பவுண்டு. சிறு பங்குகளாக மக்களிடம் விற்கலாம் என்று ஆடம்சன் பிடிவாதமாக நம்பினார். பணம் போதிய வேகத்தில் வரவில்லை. 1887 தொடக்கத்தில் அவர் தலைமையை விட்டார், டாட்டன் பிரபு எகர்டன் பொறுப்பேற்றார். 1890-ல் காலமான ஆடம்சன் கால்வாயில் ஒரு கப்பலைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பங்குதாரர் எண்ணிக்கை 39,000 அளவுக்குப் போனது. நினைத்ததை அவர் பாதியாவது சாதித்தார் என்றே சொல்ல வேண்டும்.

1887 நவம்பர் 11 அன்று ஈஸ்ட்ஹமில் முதல் மண் வெட்டினார்கள். ஒப்பந்ததாரர் தாமஸ் வாக்கர், ஒப்பந்தத் தொகை 57.5 லட்சம் பவுண்டு, கெடு நான்கு ஆண்டு. நீளம் 36 மைல். முதலில் ஆழம் 26 அடி, பின்னாளில் 28 அடி. அடியகலம் 120 அடி. ஈஸ்ட்ஹம், லாட்ச்ஃபோர்டு, அர்லம், பார்ட்டன், மோட் வீல் என்று ஐந்து லாக்குகள். அள்ளிய மண் 5.4 கோடி கன கெஜம், சூயஸில் அள்ளியதில் ஏறக்குறைய பாதி. வேலையாட்கள் சராசரி 12,000 பேர், உச்சத்தில் 17,000. மண்வெட்டிக்காரருக்கு மணிக்கு நாலரைப் பென்ஸ், நாளைக்குப் பத்து மணி நேரம். 97 நீராவி அள்ளு இயந்திரங்கள், 124 நீராவிக் கிரேன்கள், 180 ரயில் எஞ்சின்கள், 6,000-க்கு மேல் வண்டிகள். மண்ணை அப்புறப்படுத்த மட்டும் 200 மைலுக்கு மேல் தற்காலிகத் தண்டவாளம்.

அடிபட்டவர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற இளம் அறுவை மருத்துவர். தொழில் செய்த ஊர் லிவர்பூல். வேலைத்தலத்தில் முதலுதவி இடங்கள், வழிநெடுக மருத்துவமனைகள், காயம்பட்டவரை உடனே அங்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு என்று அடுக்கடுக்கான விபத்துச் சிகிச்சை முறையை அங்கே அவர் நடத்தினார். எலும்பு முறிவு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவர் பின்னாளில் பெயர்பெற்றது இந்த வாய்க்கால் கரையில் கற்ற பாடத்தால். பகை ஊரின் மருத்துவர் என்பதற்காக யாரும் அவரிடம் காலைக் காட்டத் தயங்கியிருக்க மாட்டார்கள்.

கணக்கு எங்கே கவிழ்ந்தது? 1889 நவம்பரில் வாக்கர் இறந்தார். ஒரே மனிதரின் ஆளுமையில் ஓடிய வேலை தள்ளாடியது. அவருடைய வாரிசுப் பொறுப்பாளர்களோடு கணக்குத் தீர்த்து, வேலையைக் கம்பெனியே ஏற்கவேண்டி வந்தது. 1890-ன் இறுதியில் வெள்ளம் வந்து வெட்டிய பள்ளங்களை நிரப்பியது, கூடவே கடுங்குளிர். குறுக்கே போன ஐந்து ரயில் பாதைகளையும் கப்பல் நுழையும்படி 75 அடி உயரத்துக்குத் தூக்கவேண்டி இருந்தது. உயரம் கூடினால் சரிவும் நீள வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் மைல் கணக்கில் கரை எழுப்பினார்கள். 1891-ல் பணம் தீர்ந்தபோது மான்செஸ்டர் மாநகராட்சி 30 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, பின்னர் இன்னும் 20 லட்சம். பதிலுக்கு 21 பேர் கொண்ட இயக்குநர் குழுவில் 11 இடம் மாநகராட்சிக்கு. 1892-க்கும் 1895-க்கும் இடையில் நகரின் சொத்துவரி 26 சதவீதம் ஏறியது. மொத்தச் செலவு ஏறக்குறைய 1.5 கோடி பவுண்டு.

பார்ட்டனில் ஒரு சிக்கல். 1761-ல் ஜேம்ஸ் பிரிண்ட்லி கட்டிய கல் பாலத்தின் மேல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அதன் அடியில் கப்பல் நுழையாது. அதை இடித்துவிட்டு, சுழலும் இரும்புத் தொட்டியை வைத்தார் லீடர் வில்லியம்ஸ். கப்பல் வரும் சமயம் தொட்டியின் இரு முனையிலும், இருபக்கக் கால்வாயின் வாயிலும் கதவுகள் இறங்கும். நீரோடு சேர்த்து 1,450 டன் எடையுள்ள தொட்டி, நடுத்தீவின் மேல் கால்வட்டம் திரும்பும். நீரை ஏன் வடிக்கவில்லை? வடித்து நிரப்பினால் நேரமும் நீரும் போகும். மேலும், மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை வெளியே தள்ளிவிடுவதால், தொட்டிக்குள் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடை ஒன்றே. சுழற்றும் இயந்திரத்துக்கு எப்போதும் ஒரே சுமை. இப்படி ஒன்று உலகில் வேறெங்கும் இல்லை.

திறந்தபின் என்ன ஆனது

1894 ஜனவரி 1-ல் போக்குவரத்து தொடங்கியது. மான்செஸ்டரில் முதலில் சரக்கு இறக்கியது கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் 'பயனியர்' கப்பல், சரக்கு பிரான்சிலிருந்து வந்த சர்க்கரை. மே 21-ல் விக்டோரியா அரசி வந்து முறைப்படி திறந்துவைத்தார்.

எதிர்பார்த்த சரக்கு வரவில்லை. லிவர்பூலில் வேரூன்றிய கப்பல் கம்பெனிகள் மான்செஸ்டருக்கு வர மறுத்தன. பாலங்களின் 75 அடி உயரம் இன்னொரு தடை. உயரமான கப்பல்கள் ஈஸ்ட்ஹமில் நின்று, கிரேன் வைத்துப் புகைபோக்கியின் மேல்பகுதியைக் கழற்றி, பாய்மர நுனியை இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும், திரும்பும்போது மாட்ட வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய தடை சந்தை. பஞ்சு லிவர்பூலில்தான் கைமாறியது. தரகர், தரம் பார்ப்பவர், கிட்டங்கி இருப்பு, விலை நிர்ணயம் எல்லாம் அங்கேயே. வாய்க்காலை வெட்டி நீரைக் கொண்டுவந்துவிடலாம், நூறாண்டாகக் கூடிய வியாபாரப் பழக்கத்தை வெட்டிக் கொண்டுவர முடியாது. சாதாரணப் பங்குதாரர்கள் ஈவுத்தொகையைக் கண்ணால் பார்க்க 20 ஆண்டுக்கு மேல் ஆனது.

ஆனாலும் திட்டம் தோற்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் பலன் வாய்க்காலுக்கு வெளியே கிடைத்தது. போட்டி கண்முன் வந்ததும் ரயில் கட்டணமும் லிவர்பூல் தீர்வையும் இறங்கின. ஆலைக்காரர் லிவர்பூல் வழியாகவே அனுப்பினாலும் முன்னைவிடக் குறைவாகக் கட்டினார். இந்த லாபம் கால்வாய்க் கம்பெனியின் வரவில் ஏறாது, அதனால் அதன் கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. 1898-ல் 'மான்செஸ்டர் லைனர்ஸ்' என்ற சொந்தக் கப்பல் கம்பெனி எழுந்தது. 1896-ல் கரையோரத்து டிராஃபோர்டு பண்ணை விலைபோய், உலகின் முதல் திட்டமிட்ட தொழிற்பேட்டையாக மாறியது. 1911-ல் ஃபோர்டு அங்கே கார் பூட்டத் தொடங்கியது. கடலில்லாத ஊர் சரக்கு மதிப்பில் பிரிட்டனின் மூன்றாவது துறைமுகம் என்று பெயரெடுத்தது. 1958-ல் கால்வாயில் போன சரக்கு சுமார் 1.8 கோடி டன்.

குணமும் குடியிருப்பும்

குண வழக்கில் இரு ஊரும் அடிக்கடி எடுக்கும் சாட்சி அமெரிக்க உள்நாட்டுப் போர். அடிமை முறை வைத்திருந்த தென்மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகையில் இருந்ததால், 1861 முதல் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றி நின்றன. பதிலுக்கு வந்த, குறுநார் கொண்ட சூரத் பஞ்சு இழை அறுந்து நெசவாளரைப் படுத்தியது. 1862 டிசம்பர் 31-ல் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி, பட்டினியிலும் அடிமை ஒழிப்புக்கு ஆதரவு என்று லிங்கனுக்கு எழுதினார்கள். ஜனவரி 19-ல் லிங்கன் பதில் எழுதினார். லிவர்பூலின் வணிகர் பலர் தென்மாநிலங்கள் பக்கம். ஆற்றின் மறுகரையில், பிர்கன்ஹெட்டில்தான் தெற்கின் 'அலபாமா' போர்க்கப்பல் கட்டப்பட்டது. மான்செஸ்டருக்கு இது பெருமை, நியாயமான பெருமை. ஆனால் அதற்கு முந்தைய அறுபது ஆண்டு அந்த ஆலைகள் நூற்றது அடிமைகள் பறித்த பஞ்சைத்தான். லிவர்பூல் அடிமைக் கப்பல் விட்டது, மான்செஸ்டர் அந்தப் பஞ்சில் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாழ்வதற்கு எந்த ஊர் என்ற கேள்விக்கு சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக்கின் 1842 அறிக்கையில் ஒரு அட்டவணை இருக்கிறது. உழைப்பாளிக் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது மான்செஸ்டரில் 17, லிவர்பூலில் 15. குழந்தைச் சாவுகளும் சேர்ந்த சராசரி, அதனால்தான் இவ்வளவு கீழே. கிராமப்புற ரட்லண்டில் அதே வர்க்கத்துக்கு 38. மான்செஸ்டரின் மேட்டுக்குடிக்கும் 38-தான். இந்த எண்களுக்கு முன்னால் எந்த ஊர் மேல் என்று வாதிட எனக்கு மனம் வரவில்லை. இரு ஊரும் விழித்துக்கொண்டது உண்மை. 1847-ல் நாட்டிலேயே முதல் சுகாதார அதிகாரியாக லிவர்பூல் டாக்டர் டங்கனை நியமித்தது. 1892-ல் வேல்ஸின் வர்ன்வி ஏரியிலிருந்து அதற்குக் குடிநீர் வந்தது. கால்வாய் திறந்த அதே 1894-ல், 96 மைல் தள்ளிய தர்ல்மியரிலிருந்து பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடிவந்த நீர் மான்செஸ்டரை எட்டியது. வர்ன்வி அணைக்காக ஒரு வேல்ஸ் கிராமமே நீரில் மூழ்கியது. பெருநகரங்கள் இரண்டும் வாழத்தக்கவையாக ஆனதில், அவற்றில் வாழாதவர்களின் வீடும் செலவாகியிருக்கிறது.

கால்பந்தைப் பற்றி ஒரு திருத்தம். மான்செஸ்டர் அணிகளின் சின்னத்தில் உள்ள கப்பல் இந்தக் கால்வாயைக் குறிப்பது என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கப்பல் 1842-ல் அளிக்கப்பட்ட நகர முத்திரையிலேயே இருக்கிறது. பகைக்கு நாள் குறிக்க வேண்டுமானால் 1894 ஏப்ரல் 28 பொருத்தம். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆன நியூட்டன் ஹீத் அணியை லிவர்பூல் 2–0 என்று வென்று இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது அன்றுதான். அரசி கால்வாயைத் திறந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து.

இன்று

இரண்டு துறைமுகத்தையும் அடித்தது ஒரே மாற்றம்: கண்டெய்னர். பெட்டிக் கப்பல்கள் பெருத்து, 1894-ன் லாக்குகளுக்குள் அடங்காமல் போயின. மான்செஸ்டரின் துறைகள் 1982-ல் மூடின. அங்கே இப்போது சால்ஃபோர்டு கீஸ் என்ற புதுக் குடியிருப்பு, வணிகப் பகுதி, பிபிசி அரங்குகள். லிவர்பூலின் பழைய வாரியம் 1970-ல் கடனில் மூழ்கி, பின்னர் கம்பெனியாக மாற்றப்பட்டது. லிவர்பூலின் கரை 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறி, புதுக் கட்டுமானங்களால் 2021-ல் நீக்கப்பட்டது. 1980-களில் பீல் நிறுவனம் கப்பல் கால்வாயைக் கைப்பற்றியது. 2005-ல் அதே நிறுவனம் லிவர்பூலின் துறைமுகக் கம்பெனியையும் வாங்கியது. 1883-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு தரப்பும் ஒரே முதலாளியின் கீழ் வந்தன. 2007-ல் லிவர்பூல் துறையில் இறங்கிய ஒயின் கண்டெய்னர்கள் படகில் ஏறி, லைஸ்டர் சாட்சிக் கூண்டில் சொன்ன வழியே, ஈஸ்ட்ஹமில் நுழைந்து கரையோரமாக ரன்கார்ன் தாண்டி அர்லமுக்குப் போகத் தொடங்கின.